யாருடைய சுதந்திரம்?

2003ஆம் ஆண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ் என்று நிரலாளர்கள் சிலர் கண்டுபிடித்தார்கள். லிங்க்சிஸை அந்த ஆண்டுதான் சிஸ்கோ வாங்கியிருந்தது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை எடுத்தது தவறா? இல்லை. எடுத்து விற்றதும் தவறில்லை. மூலநிரலைத் தராமல் விற்றதுதான் தவறு.

லினக்ஸ், ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வருவது. 1989இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதி வெளியிட்ட காப்பிலெஃப்ட் உரிமம் அது. யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், காசுக்கும் விற்கலாம். ஆனால் அடுத்தவர் கையில் கொடுக்கும்போது, மூலநிரலையும் உங்களுக்குக் கிடைத்த அதே உரிமைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பூட்டிவைக்கப் பயன்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தையே, பூட்டக்கூடாது என்று சொல்லப் பயன்படுத்திய கெட்டிக்காரத்தனம் இது.

நெருக்கடி வந்ததும் நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. வீட்டுக்குள் வைக்க விற்ற அதே பெட்டியை பெர்லினில் ஃபிரைஃபுங்க் தன்னார்வலர்கள் கூரைகளில் ஏற்றி, அக்கம்பக்கத்தாருக்கான பொது வலைப்பின்னலாக்கினார்கள். சிஸ்கோ தானாகத் திருந்திவிடவில்லை. 2008இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குப் போட்டது, 2009இல்தான் சமரசம்.

“நிபந்தனை போட்டால் அது எப்படிச் சுதந்திரம்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நிபந்தனை அதிகமில்லாத ஃப்ரீபிஎஸ்டியைப் பாருங்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 4 இயங்குதளம் அதிலிருந்து உருவானதுதான். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் காசு கொடுத்து அந்தப் பெட்டியை வாங்கியவருக்கு அதைத் திறந்து மாற்றும் உரிமை வந்து சேரவில்லை. சுதந்திரம் சோனியோடு நின்றுவிட்டது.

காப்பிலெஃப்ட் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஊதியமில்லாமல் நிரல் எழுத நேரமும் கணினியும் ஆங்கிலமும் யாருக்கு வாய்க்கிறது என்ற கேள்விக்கு எந்த உரிமத்திலும் பதில் இல்லை. மென்பொருளைக் கைக்குத் தராமல் தன் சர்வரிலேயே ஓட்டினால் ஜிபிஎல் கட்டுப்படுத்தாது. அந்த ஓட்டையை அடைக்கவே 2007இல் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வந்தது. இன்னொரு ஓட்டை நம் கையெழுத்திலேயே இருக்கிறது. பங்களிப்பவர்களின் பதிப்புரிமை முழுவதையும் ஒரே நிறுவனம் எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த பதிப்பை அது மூடிய உரிமத்தில் வெளியிடலாம். நிரல் எழுதும் தோழர்கள் ஒரு திட்டத்தில் சேரும்போது, உரிமத்தின் பெயரோடு அந்த ஒப்பந்தத்தையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.