விருந்தினர் அல்லர், வாழ வந்தவர்கள்

1964 செப்டம்பர் 10. அன்றைய மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகர ரயில் நிலையத்தில், போர்ச்சுகலிலிருந்து வந்திறங்கிய தச்சர் அர்மாண்டோ ரோட்ரிக்ஸின் பெயரை ஒலிபெருக்கி அழைத்தது. திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று அவர் அஞ்சினார். ஆனால், காத்திருந்தது வரவேற்பு. அந்நாட்டுக்கு வந்த பத்து லட்சமாவது 'விருந்தினர் தொழிலாளர்' அவர். பூச்செண்டுடன் ஒரு மொபெட்டும் அவருக்குப் பரிசளிக்கப்பட்டது.

சில ஆண்டுகளில் அவர் நோயுற்று ஊர் திரும்பினார். சேமித்த பணம் புற்றுநோய் சிகிச்சையிலேயே கரைந்தது. ஜெர்மனியின் மருத்துவக் காப்பீட்டில் தமக்கு உரிமை உண்டு என்பதை அறியாமலே 1979-இல் அவர் காலமானார். அந்த மொபெட் இன்று பான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குடியேற்றத்தால் ஒரு நாட்டுக்கு நன்மையா, சுமையா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இந்த நிகழ்வு என் நினைவுக்கு வருகிறது. நன்மையே மிகுதி என்பது என் உறுதியான கருத்து. ஆனால், அந்த நன்மை தானாக விளைவதில்லை. வந்தவரை வெறும் உழைக்கும் கரமாகப் பார்க்கிறோமா, வாழ வந்த மனிதராக ஏற்கிறோமா என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

1955-இல் இத்தாலி, 1961-இல் துருக்கி, 1964-இல் போர்ச்சுகல் என அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் செய்து ஜெர்மனி ஆள்களை வரவழைத்தது. 1973-இல் அதை நிறுத்தும் வரை வந்தவர்கள் ஏறத்தாழ 1.4 கோடிப் பேர். அவர்களில் சுமார் 1.1 கோடிப் பேர் திரும்பிச் சென்றுவிட்டனர். நிலக்கரிச் சுரங்கங்களிலும் கார் தொழிற்சாலைகளிலும் கடினமான வேலைகளை அவர்கள் ஏற்றதால், உள்ளூர்த் தொழிலாளர் பலர் மேற்பார்வைப் பணிகளுக்கு உயர முடிந்தது.

இதன் பொருளாதாரம் எளிமையானது. குடியேறும் தொழிலாளி உழைக்கும் வயதில் வருகிறார். அவரை வளர்த்துப் படிக்க வைத்த செலவு பிறந்த நாட்டுடையது. அவர் செலுத்தும் வரி வந்த நாட்டுடையது. ஜெர்மனியில் முதியோரின் ஓய்வூதியம் பெருமளவு இன்று உழைப்பவர்களின் பங்களிப்பிலிருந்தே வழங்கப்படுகிறது. குழந்தைப் பிறப்பு குறைந்துவரும் அந்நாட்டில், உழைப்போர் எண்ணிக்கை சரியாமலிருக்க ஆண்டுக்கு நிகரமாக நான்கு லட்சம் பேர் வர வேண்டும் என்று அரசு வேலைவாய்ப்பு முகமையின் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஆயினும் 'விருந்தினர்' என்ற சொல்லே ஜெர்மனிக்குத் தடையாயிற்று. விருந்தாளி போய்விடுவார் என்ற எண்ணத்தில், அவருக்கு மொழி கற்பிக்கவோ, பிள்ளைகளின் கல்வியில் அக்கறை காட்டவோ அரசு முனையவில்லை. 1983-இல் நாடு திரும்பினால் 10,500 மார்க் தருவதாகக் கூடச் சட்டம் இயற்றியது. அங்கேயே பிறந்த குழந்தைகளுக்குக் குடியுரிமை கிடைக்க 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த அலட்சியத்தில் எத்தனை திறமைகள் வீணாயினவோ! கொலோன் ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்த துருக்கியத் தொழிலாளி ஒருவரின் மகன், நான்கு வயதில் ஜெர்மனிக்கு வந்தவர், உகுர் சாஹின். உயர்கல்விக்கு வழிவகுக்கும் பள்ளியில் அவர் சேர, ஜெர்மானிய அண்டை வீட்டார் ஒருவரின் தலையீடு தேவைப்பட்டது என்பார்கள். அவரும், துருக்கிய மருத்துவரின் மகளான அவருடைய மனைவி ஓஸ்லெம் துரெஜியும் நிறுவிய பயோன்டெக், 2020-இல் ஃபைசருடன் இணைந்து கரோனா தடுப்பூசியை உலகுக்கு அளித்தது.

பிந்தைய அனுபவம் நம்பிக்கை தருகிறது. 2015-இல் வந்த அகதிகளுக்கு மொழிப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் அளிக்கப்பட்டன. ஏழு ஆண்டுகளில் அவர்களில் 64 விழுக்காட்டினர் வேலையில் இருந்தனர். பெண்களின் விகிதம் இதைவிட மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்பாளர்களின் கவலைகள் அனைத்தையும் வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டு வாடகை ஏறுகிறது, பள்ளிகளில் இடநெருக்கடி உண்டாகிறது. நன்மை நாடு முழுவதற்கும் பரவ, நெருக்கடி மட்டும் சில நகரங்களின் தலையில் விழுகிறது. குடியேற்ற எதிர்ப்புக் கட்சி 2025 தேர்தலில் 20.8 விழுக்காடு வாக்குகளுடன் இரண்டாமிடம் பெற்றதை ஒரு எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். வரிப் பயனில் ஒரு பங்கை அந்த நகரங்களின் வீட்டுவசதிக்கும் பள்ளிகளுக்கும் செலவிடுவதே அதற்கு விடை.

இது நமக்கும் தொலைதூரச் செய்தி அன்று. இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி 2024-இல் அறிவித்தது. என் நண்பர் ஒருவரின் மகள், செவிலியர், சென்னையில் ஜெர்மன் மொழி பயின்று வருகிறார். சம்பளம் எவ்வளவு என்று உறவினர் கேட்கின்றனர். பட்டத்துக்கு அங்கே அங்கீகாரம் உண்டா, காப்பீடு எப்போது தொடங்கும், குடும்பத்தை எப்போது அழைத்துக் கொள்ளலாம் என்று அவர் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விகள் அவையே.

இவற்றுக்கான விடைகளை வந்திறங்கும் நாளிலேயே, அவரவர் மொழியில் எழுதிக் கொடுக்கும் நாடுதான் குடியேற்றத்தின் முழுப் பயனையும் அடையும். அர்மாண்டோவுக்கு மொபெட்டைவிட அந்த ஒரு தாள்தான் தேவையாக இருந்தது.