கடல் கொண்டது எந்த நிலத்தை?

உலகத்தின் முதல் மாந்தன் தமிழன். அவன் பிறந்த இடம் இந்து சமுத்திரத்துள் ஆழ்ந்துபோன குமரிக்கண்டம். அதனை மேனாட்டு விஞ்ஞானிகளே ‘இலெமூரியா’ என்னும் பெயரால் ஒப்புக்கொண்டுவிட்டனர்! இவ்வாறு மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே இன்றும் குறைந்தாரில்லர். பாடசாலை விழாக்களில் மாணவர் இதனை மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர், ஆசிரியர் கைதட்டுகின்றனர். மறுநாள் வகுப்பறையிலே கண்டத் தகடுகளின் நகர்வைக் கற்பிப்பவர்களும் அவ்வாசிரியர்களே. ஒரே தலைக்குள் இவ்விரண்டும் சண்டையின்றிக் குடித்தனம் நடத்துவது வியப்பிலும் வியப்பு.

இலெமூரியா பிறந்தது தமிழின் தொன்மை பற்றிய ஆராய்ச்சியினால் அன்று. ஒரு சிறு பிராணியினால். மடகாஸ்கர்த் தீவிலே இலெமூர் என்னும் விலங்குகள் வாழ்கின்றன. அவற்றின் உறவினமாகிய தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. நடுவிலே பெருங்கடல். இதனைக் கண்ட ஆங்கில விலங்கியலறிஞர் பிலிப் ஸ்க்ளேட்டர், இவ்விடங்களை இணைத்த நிலமொன்று முன்னர் இருந்திருத்தல் வேண்டும் என 1864 இல் எழுதி, அதற்கு இலெமூரியா எனப் பெயருமிட்டார். கண்டங்கள் நகரக்கூடும் என்று அறியப்படாத காலம் அது. ஊகம் என்ற அளவில் அதிலே குற்றங் காண்பதற்கில்லை. ஜேர்மானியராகிய ஹேக்கலோ ஒருபடி மேலே சென்று, மனித குலத்தின் தொட்டிலையே அங்கே கொண்டுபோய் வைத்தார். ஆனால் அல்பிரட் ரசல் வாலஸ் 1880 இலேயே அந்தக் கண்டத்தை நிராகரித்துவிட்டார். வெகெனரின் கண்டப் பெயர்ச்சிக் கொள்கை 1915 இல் நூலாக வெளிவந்தது. 1960களில் தகட்டுக் கொள்கை நிலைபெற்றபின் இலெமூரியாவுக்கு விஞ்ஞானத்திலே இடமே இல்லாமற் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தது உண்மை; ஆனால் அவை பிரிந்து ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளாகின்றன. அன்று இலெமூரும் இல்லை, தேவாங்கும் இல்லை. மனிதனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இலெமூரின் மூதாதைகள் ஆபிரிக்கக் கரையிலிருந்து மிதந்த மரஞ்செடிகளைப் பற்றிக்கொண்டு மடகாஸ்கரை அடைந்தன என்பதே இன்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலோரின் துணிபு. மேனாட்டார் கழற்றி எறிந்த பழஞ்சட்டையை எடுத்துப் பட்டாடையென்று உடுத்திக்கொண்டு நாம் ஊர்வலம் வருகின்றோம்.

இறையனார் களவியல் உரைகாரரையும் அடியார்க்குநல்லாரையும் இங்கே நாம் எள்ளவில்லை. கடல்கோள் பற்றித் தம் காலத்து வழங்கிய செய்தியை அவர்கள் எழுதிவைத்தார்கள். அடியார்க்குநல்லாரின் காவதக் கணக்கை எடுத்து ஸ்க்ளேட்டரின் படத்தோடு ஒட்டியவர்கள் இருபதாம் நூற்றாண்டுப் புலவர்களே. குமரிமுனைக்குத் தெற்கே சிறிது தூரம் சென்றாற் கடலின் ஆழம் ஆயிரக்கணக்கான மீற்றர். அங்கே மூழ்கிய கண்டம் எதுவுமில்லை.

ஆயின் கடல் நிலத்தைக் கொண்டதே பொய்யா? அன்று. கொண்டது மெய், இடந்தான் வேறு. மன்னாரிலே கரையில் நின்று பார்ப்பவன் அவ்விடத்தைக் காண்கிறான். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் ஒரு பகுதி நிலத்தின்மீது பனிக்கட்டியாய் உறைந்து கிடந்தபோது, கடல்மட்டம் இன்றிருப்பதிலும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் ஆழமோ பெரும்பாலும் 15 மீற்றருக்குக் குறைவு. அன்று அங்கே நீரிணை இல்லை. நூறு கிலோமீற்றருக்கு மேல் அகன்ற சமவெளி இருந்தது. இத்தகைய இணைப்பு ஒருமுறையன்று, பலமுறை தோன்றி மறைந்தது. கடைசி முறையாகக் கடல் அதனை மூடியது ஏறத்தாழ 7,000 ஆண்டுகளின் முன்னரேயாகும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள மணற்றிட்டுகள் இன்றும் அவ்விடத்திலே தலைநீட்டிக்கொண்டிருக்கின்றன. கண் முன்னே கிடக்கும் இந்நிலத்தை விட்டுவிட்டு, இல்லாத கண்டத்திற்கு நாம் அழுகின்றோம்!

இந்த வழியால் வந்தவை எவை? இரத்தினபுரிப் பகுதியிலே மாணிக்கக்கல் தேடித் தோண்டும் குழிகள் இதற்கு விடை கூறும். அக்குழிகளிலிருந்து காண்டாமிருகத்தின் எலும்பும் நீர்யானையின் எலும்பும் வெளிப்பட்டன. குருவிட்டையிற் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு, இங்கே சிங்கம் வாழ்ந்தது என்று பி. ஈ. பி. தெரணியகல 1939 இல் நிறுவினார். பிறகு, 2005 இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று வரிப்புலியும் இங்கே வாழ்ந்ததென்று காட்டியது. சிங்கமும் வந்தது, புலியும் வந்தது, இரண்டும் ஒரே நிலத்தின்மீது நடந்து வந்தன, இரண்டும் மாண்டுபோயின. கொடிகளிலே இவ்விரு விலங்குகளையும் எழுதிக்கொண்டு இந்நாட்டின் மக்கள் ஒருவரையொருவர் கொன்றதை நினைக்கும்போது, அந்தச் சில பற்களும் எலும்புகளும் நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலவே தோன்றுகிறது. எஞ்சியிருப்பது சிறுத்தை ஒன்றே. அதனைத் தமிழர் புலி என்பர்; சிங்களவர் கொட்டியா என்பர்.

மனிதனும் வந்தான். பாகியன்கலைக் குகையிலே கிடைத்த தடயங்கள் நாற்பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அம்மனிதன் பேசியது சிங்களமன்று, தமிழுமன்று. இவ்விரு மொழிகளும் பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்தன. விசயன் கப்பலேறி வந்த கதையைக் கொண்டு மண்ணுக்கு உறுதி எழுதுவோரும், குமரிக்கண்டத்தைக் கொண்டு அவர்களுக்கு முந்திய உறுதி தேடுவோரும் ஆடுவது ஒரே ஆட்டமே. ‘நான் முந்தி வந்தேன்’ என்ற வாதத்தை இயற்கையின் முன் கொண்டுபோய் வைத்தால், வழக்கிலே வெல்வது தவளைதான்.

நகைச்சுவைக்காகக் கூறவில்லை. தரைவழி இணைந்திருந்தமையால் இலங்கை இந்தியாவிலிருந்து உடைந்த ஒரு துண்டு, வேறு சிறப்பு அதற்கில்லை என்று கருதுவாரும் உளர். வாலஸ் கூட 1876 இல் இலங்கையையும் தென்னிந்தியாவையும் ஒரே உயிரியற் பிரிவாகவே வகுத்தார். ஆனால் 2004 இல் தவளை, நன்னீர் நண்டு முதலிய இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர் வேறொன்றைக் கண்டனர். கடந்த ஐந்து இலட்சம் ஆண்டுகளில் நிலம் பலமுறை இணைந்திருந்தும், இத்தீவின் இவ்வினங்கள் பெரும்பாலும் தனித்தே கிளைத்து வந்துள்ளன. இணைப்பு நிலம் வறண்ட சமவெளி. ஈரக்காட்டுத் தவளை அதனைக் கடத்தல் அரிது. பாலம் இருப்பதாலேயே எல்லோரும் கடந்துவிடுவதில்லை. அயலவரோடு உறவும் உண்மை, தன் தனித்தன்மையும் உண்மை; ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க வேண்டிய தேவை தவளைக்கு ஏற்படவில்லை.

அத்தவளைகளுக்கு அழிவு கடலால் வந்ததன்று. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் துணையோடு மலைநாட்டுக் காடுகளைத் துரைமார் கோப்பிக்காக வெட்டினர். கோப்பி நோயால் மடிந்தபின் தேயிலைக்காக வெட்டினர். பத்துக்கு மேற்பட்ட தவளையினங்கள் இன்று இத்தீவில் அற்றுப்போய்விட்டன. காட்டை வெட்டியவர் கைகள் யாருடையவை? தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சம் துரத்த, மன்னார்க் கரையில் வந்திறங்கி, வன்னிக் காட்டினூடே கால்நடையாய் மாத்தளைக்கும் அப்பாலும் சென்ற கூலித் தொழிலாளருடையவை. வழியிலேயே மாண்டவர் தொகை பெரிது. சிங்கமும் யானையும் நடந்த அதே திசையிலேதான் அவர்களும் நடந்தார்கள். ஏழாயிரம் ஆண்டுகள் பிந்திவிட்டமையால், இடையிலே சிறிது தூரம் தோணி ஏறவேண்டியதாயிற்று.

1948 இல் இந்நாட்டின் பாராளுமன்றம் பிரசாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, அவர்களின் வழிவந்தோரை நாடற்றவராக்கியது. அவ்வேளையில் அச்சட்டத்தை ஆதரித்து வாக்களித்த தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தனர். குமரிக்கண்டத்தின் மூத்தகுடி என்று பெருமை பேசிய நாக்குகளுக்கு, தேயிலை மலையிலே கிடந்த தமிழனைத் தன் குடியென்று சொல்ல வரவில்லை. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது.