முத்திரை படிப்பவர்

லஸ் முனையில் பழைய புத்தகக் குவியலிலிருந்து ஒரு வெளிநாட்டுத் துப்பாக்கி இதழைப் பொறுக்கி வந்தேன். ராணுவம் கழித்துவிட்ட ஸ்னைப்பர் துப்பாக்கி ஒன்றை வாங்கிய ஆசாமியின் கட்டுரை அதில் இருந்தது. சுட்டுப் பார்த்த கதை கால் பக்கம்தான்; மீதியெல்லாம் அது அசல்தானா என்று துருவியது. எனக்குப் பிடித்ததும் அந்தத் துருவல்தான். இரண்டாம் உலகப் போர்க்கால லீ என்ஃபீல்டு நம்பர் 4. குறி தப்பாதவற்றைத் தொழிற்சாலையிலேயே தேர்ந்தெடுத்து, தொலைநோக்கி பொருத்த ஹாலந்து அண்ட் ஹாலந்துக்கு அனுப்பினார்கள். நம் மகாராஜாக்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்து தந்த அதே லண்டன் கம்பெனிதான். தேர்வானதற்கு அடையாளம் ‘டிஆர்’, பொருத்தியவர்களின் குறி மரக்கட்டையின் அடியில் ‘எஸ்51’, கட்டையின் கழுத்தில் தொலைநோக்கியின் எண். எண் ஒத்துவராவிட்டால் ஜோடி மாறிவிட்டது என்று அர்த்தம், விலையும் இறங்கிவிடும். மயிலாப்பூர் மாமிகள்கூட ஜாதகத்தை இவ்வளவு கறாராகப் பார்க்க மாட்டார்கள். நம் ஊரில் இந்த ஆசைக்கெல்லாம் வழியில்லை. அந்தத் துப்பாக்கியின் தோட்டா அளவான .303 இங்கே தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸ்காரர்களுக்கென்று இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை .315 அளவில் தனியாகச் செய்தது. ராணுவத் தோட்டா வெளியார் கையில் வெடித்துவிடக் கூடாது என்ற வெள்ளைக்காரன் காலத்துப் பயம் அது. ரங்கநாதன் தெரு நெரிசலை நினைத்தால் அந்தப் பயம் நீடிப்பதில் எனக்கு ஆட்சேபணையும் இல்லை. ஆனால் என்.சி.சி. அணிவகுப்பில் .303-ஐத் தோளில் சுமந்த பெரியவர்கள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஏராளம். அவர்களில் எத்தனை பேர், போல்ட் பிடிக்குக் கீழே பொறித்திருந்த இஷாப்பூர் முத்திரையான ‘ஆர்எஃப்ஐ’யையும் வருடத்தையும் ஒருமுறையாவது படித்திருப்பார்கள்?