இதய வால்வு மாற்று ஆபரேஷன்: மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா? அட்மிட் ஆகும் முன்பே ஏன் முடிவு செய்யணும்?

எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 'வால்வை மாத்தணும்' என்று டாக்டர் சொன்னதும், குடும்பத்தில் எழும் முதல் கேள்வி 'எவ்வளவு செலவாகும்?' அடுத்தது 'உயிருக்கு ஆபத்து இருக்கா?' இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகான இருபது, முப்பது வருட வாழ்க்கையைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி. எந்த வால்வை வைக்கப் போறாங்க? ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை, கையெழுத்து போடும் நேரத்தில் இதைப் பேசினால் ரொம்ப லேட்.

வால்வு ஏன் கெட்டுப்போகுது?

இதயத்தில் 4 வால்வுகள். பெரும்பாலும் சிக்கல் வருவது இடது பக்கம் இருக்கும் மைட்ரல், அயோர்ட்டிக் என்ற இரண்டில்தான். அமெரிக்கா, ஐரோப்பாவில் வயதான பிறகு சுண்ணாம்புச் சத்து படிந்து அயோர்ட்டிக் வால்வு இறுகிப்போவதுதான் அதிகம். நம்ம ஊரில் அதுவும் உண்டு. அதோடு ருமாட்டிக் காய்ச்சலும் இருக்கிறது. சின்ன வயதில் வந்த தொண்டைத் தொற்று, பிறகு மூட்டு வலி, காய்ச்சல். அது போய்விட்டதாக நினைத்திருப்பார்கள். ஆனால் வால்வில் விழுந்த தழும்பு மெதுவாக வளர்ந்து, 20, 30 வயதில் மூச்சு வாங்க வைக்கும்.

அதனால் இங்கே வால்வு நோயாளி என்றால் தாத்தா மட்டுமில்லை. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்ணும், லோடு வண்டி ஓட்டும் இளைஞரும் இதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் கேட்க வேண்டியது: 'மாத்தித்தான் ஆகணுமா? ரிப்பேர் பண்ண முடியாதா, பலூன் வைத்து விரிக்க முடியாதா?' சிலருக்கு முடியும். சொந்த வால்வைக் காப்பாற்ற முடிந்தால் அதுவே நல்லது.

இரண்டு வால்வு, இரண்டு வாழ்க்கை

மெட்டல் வால்வு என்று நாம் சொல்வது மெக்கானிக்கல் வால்வு. பெரும்பாலும் கார்பனால் ஆனது. பல பத்தாண்டுகள் தாங்கும். ராத்திரி அமைதியில் 'டிக் டிக்' என்று சத்தம்கூடக் கேட்கும், பயப்பட வேண்டாம். ஆனால் அதன் மேல் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரை போட வேண்டும்.

டிஷ்யூ வால்வு, மாடு அல்லது பன்றியின் திசுவில் செய்தது. பொதுவாக சில மாதங்களில் அந்த மாத்திரையை நிறுத்திவிடலாம். ஆனால் 10 முதல் 15 வருடத்தில் தேய்ந்துபோகும். இளைஞர்களுக்கு இன்னும் சீக்கிரம். அப்போ மறுபடியும் ஆபரேஷன்.

வயதை வைத்து முடிவு செய்ய வெளிநாட்டு வழிகாட்டிகள் இருக்கின்றன. அயோர்ட்டிக் வால்வைப் பொறுத்தவரை 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டி 50 வயதுக்குக் கீழ் மெக்கானிக்கல் என்கிறது. 2021இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி அதையே 60 வயது என்கிறது. 65ஐத் தாண்டினால் டிஷ்யூ என்பதில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. நடுவில் இருப்பவர்கள் டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

சமீப வருடங்களில் இளவயதினருக்கும் டிஷ்யூ வால்வு வைப்பது அமெரிக்காவில் கூடியிருக்கிறது. 'தேய்ந்தால் கால் ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வை உள்ளே வைத்துவிடலாம்' என்பது அங்குள்ள கணக்கு. அந்த டாவி சிகிச்சை இங்கேயும் நடக்கிறது. ஆனால் அதற்குப் பல லட்சம் ஆகும். 12 வருடம் கழித்து அந்தப் பணத்தை யார் கட்டுவது? அந்தக் கணக்கை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது என்பதே இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டியது.

வால்வையே இறக்குமதி செய்யும் நிலை ஒரு காலத்தில் இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. முந்தைய மாடல்கள் தோற்று, நான்காவது மாடல்தான் ஜெயித்தது. வெளிநாட்டு வால்வை விட விலை குறைவு. 'இந்திய வால்வு வேண்டாம்' என்று முகம் சுளிக்கும் முன் இதையும் யோசிக்கலாம்.

ஐ.என்.ஆர். டெஸ்ட் பக்கத்தில் இருக்கா?

மெக்கானிக்கல் வால்வு வைத்தவருக்கு ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று பார்ப்பது ஐ.என்.ஆர். பொதுவாக 2 முதல் 3.5க்குள், எந்த வால்வு என்பதைப் பொறுத்து டாக்டர் ஒரு இலக்கு சொல்வார். குறைந்தால் வால்வு அடைபடலாம், பக்கவாதம் வரலாம். கூடினால் ரத்தக்கசிவு. அளவு நிலையான பிறகும் மாதம் ஒருமுறையாவது பார்ப்பது வழக்கம்.

இதில்தான் ஊர் முக்கியமாகிறது. சென்னை, மதுரையில் தெருவுக்கு ஒரு லேப் இருக்கும். மலைக் கிராமத்தில் ஒருநாள் கூலியை விட்டு பஸ் ஏறணும். முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் போவார்கள், அப்புறம் விட்டுப்போகும். ஆபத்து அங்கேதான். எனவே டாக்டரிடம் உங்கள் ஊர், வேலை, லேப் எவ்வளவு தூரம் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் சொல்லிடுங்க.

'புது ரத்த மாத்திரை வந்திருக்கே, டெஸ்ட் வேண்டாமாமே?' என்று கேட்பவர்கள் உண்டு. மெக்கானிக்கல் வால்வுக்கு அது ஆகாது. டாபிகாட்ரானை வைத்து நடந்த ஆய்வு, ரத்தக்கட்டியும் கசிவும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2013இல் வெளியானது.

இன்னொரு பொறி: இதயத்துடிப்பு சீரில்லாமல் இருப்பவருக்கு டிஷ்யூ வால்வு வைத்தாலும் ரத்த மாத்திரை தொடர வேண்டியிருக்கும். ருமாட்டிக் மைட்ரல் நோயாளிகள் பலருக்கு இது உண்டு. மாத்திரையிலிருந்து தப்பிக்கத்தான் டிஷ்யூ என்றால், 'எனக்கு நிஜமாகவே நிறுத்தலாமா?' என்று முன்பே கேட்டுடுங்க.

குழந்தை பெறும் எண்ணம் இருந்தால்?

கட்டாயம் சொல்லணும். வார்ஃபரின், கருவின் முதல் மூன்று மாதங்களில் குழந்தையைப் பாதிக்கலாம். மாத்திரையை நிறுத்தினால் தாயின் வால்வு அடைபடும் ஆபத்து. இதை மாமியார், கணவர் சூழ நிற்கும்போது கேட்கச் சங்கடமாக இருந்தால், டாக்டரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.

அட்மிட் ஆகும் முன்

பல் டாக்டரைப் பாருங்கள். 'இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?' என்றால், சொத்தைப் பல், ஈறு சீழிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் தங்கிவிடும். பிடுங்க வேண்டிய பல்லை ஆபரேஷனுக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். பின்னாளில் பல் பிடுங்கினாலும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவை.

எல்லா மாத்திரைச் சீட்டையும், நாட்டு மருந்து உட்பட, கொண்டு போங்க. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பீடி, சிகரெட் இன்றோடு முடியட்டும். மூன்று பந்து இருக்கும் மூச்சுப்பயிற்சிக் கருவியை வீட்டிலேயே பழகுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு. ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அலைய வேண்டாம், இப்போதே எடுங்க. எந்த வால்வு இதில் அடங்கும், வேறு வால்வு கேட்டால் மேல்பணம் எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் எழுதி வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நெஞ்செலும்பு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை டூவீலர் கூடாது, தண்ணீர்க்குடம் தூக்கக் கூடாது. கீரையை வார்ஃபரினுக்குப் பயந்து அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் அளவு ஒரே மாதிரி இருந்தால் போதும். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்கினால் மட்டும், வால்வு வைத்திருப்பதைக் கவுன்ட்டரிலேயே சொல்லிடுங்க.