பாட்டில் கேஜ் வாங்கத் தராசு எதற்கு?

ரோடு பைக் வாங்குகிறவர்கள் ஃபிரேமுக்கு ஒரு மாதம் யோசிப்பார்கள். டயருக்கு ஒரு வாரம். சீட்டுக்கு உட்கார்ந்து பார்த்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து... அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கடைசியில் பில் போடுகிற நேரத்தில் "தண்ணி பாட்டில் மாட்ட ஏதாவது வேணுமா?" என்று கடைக்காரர் கேட்பார். கண்ணில் பட்ட முதல் கேஜைக் கை காட்டிவிட்டு வந்துவிடுவார்கள். இது ஒரு ரகம்.

இன்னொரு ரகம் உண்டு. அவர்கள் கேஜுக்கும் ஒரு மாதம் யோசிப்பார்கள். ஆனால் அந்த ஒரு மாதமும் ஒரே கேள்விதான்: எத்தனை கிராம்?

ரெண்டு ரகமும் தப்பு என்பதுதான் இந்தப் பதிவின் கட்சி. (ரெண்டாவது கொஞ்சம் கூடுதல் தப்பு. அதற்கு அவர்கள் காசும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.)

முதலில் அந்தக் கிராம் கணக்கை முடித்துவிடலாம். நல்ல கார்பன் கேஜ் ஒன்று 20-லிருந்து 30 கிராம் வரை இருக்கும். சாதாரண அலுமினியக் கம்பி கேஜ் 40-லிருந்து 60. ஃபைபர் கலந்த பிளாஸ்டிக் கேஜ்கள் பெரும்பாலும் நடுவில் வரும். ஆக வித்தியாசம் ஏறக்குறைய 30 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 30 மில்லி தண்ணீரின் எடை 30 கிராம். அதாவது ஒரு வாய்த் தண்ணி! ஒரு கேஜுக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து மிச்சம் பிடிக்கிற எடையை, கிளம்பும் முன் வாசலில் நின்று ஒரு மடக்குக் குடித்தே குறைத்துவிடலாம். குடித்தால் அது வயிற்றுக்குள்தானே இருக்கும் என்று கேட்கிற புத்திசாலிகள், வாசலில் இருக்கும் துளசிக்கு ஊற்றிவிட்டுக் கிளம்பட்டும் :-)

மலை ஏறுகிற பந்தயக்காரருக்கு ஒவ்வொரு கிராமும் முக்கியம் என்பார்கள். இருக்கட்டும். அந்தக் கேஜுக்குள் உட்காருகிற 750 மில்லி பாட்டில் நிறைந்திருந்தால் முக்கால் கிலோவுக்கு மேல். கூண்டின் எடையைக் குறைத்துவிட்டு யானையை உள்ளே கட்டுகிற கதைதான்.

எடை இல்லையென்றால் வேறு எதைப் பார்ப்பது? ஒரு கேஜுக்கு ரெண்டே வேலை. கேட்கும்போது பாட்டிலைக் கொடுக்க வேண்டும், கேட்காதபோது கொடுக்கக் கூடாது. எளிதாகத் தெரிகிறது. ஆனால் இந்த ரெண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. ரொம்ப இறுக்கமாகப் பிடித்தால், ஓட்டிக்கொண்டே ஒரு கையால் உருவ முடியாது. உருவ முடியாதவர் சிக்னல் வரும்வரை தாகத்தோடு போவார், இல்லையென்றால் குனிந்து கேஜைப் பார்த்துக்கொண்டே எதிலாவது போய் மோதுவார். ரொம்பத் தளர்வாக இருந்தால் அடுத்த பள்ளத்தில் பாட்டில் பறந்துவிடும்.

பறப்பது எப்படி என்றும் பார்க்கலாம். பெரும்பாலான சைக்கிள் பாட்டில்களின் மேல்பகுதியில் சுற்றிலும் ஒரு பள்ளம் இருக்கும். கேஜின் நுனியில் இருக்கும் சின்னக் கொக்கி அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். மீதிப் பிடி எல்லாம் கேஜின் கைகள் ஸ்பிரிங் மாதிரி அழுத்துவதால் வருவது. நல்ல ரோட்டில் இதுவே தாராளம். வண்டி ஒரு குழியில் இறங்கித் தூக்கிப் போடும்போது முதல் அடியில் பாட்டில் கொஞ்சம் எழும்பும், கொக்கி பள்ளத்தை விட்டு விலகும். அது திரும்பி உட்காருவதற்குள் அடுத்த அடி விழுந்தால் பாட்டில் வெளியே. அதனால்தான் ஒரே ஒரு பெரிய குழியைவிட, வரிசையாக ஐந்தாறு சின்ன மேடு போட்டு வைத்திருக்கும் நம்மூர் வேகத்தடைகள் பாட்டிலுக்கு எமன். பாட்டில் நிறைந்திருக்கும்போது, அதாவது தண்ணி அதிகமாக இருக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும் என்பது கூடுதல் வயிற்றெரிச்சல்.

இந்த விஷயத்தை உலகத்திலேயே கொடுமையாகச் சோதித்துப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. வடக்கு பிரான்சில் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயம். 1896-ல் தொடங்கியது. 250 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், அதில் சுமார் 55 கிலோமீட்டர் கருங்கல் பதித்த பழைய வண்டிப்பாதை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சக்கரம் விழுந்து விழுந்து எழும். 1968-ல் பந்தயத்தில் சேர்க்கப்பட்ட ஆரன்பெர்க் காட்டுப்பாதை அதில் பேர்போனது. 2 கிலோமீட்டர் சொச்சம்தான் நீளம், ஆனால் பந்தயக் கூட்டம் கடந்து போனபிறகு பாதை நெடுக பாட்டில்கள் சிதறிக் கிடக்கும்.

சுவாரசியம் எங்கே என்றால், வருடம் முழுக்கக் கார்பன் கேஜோடு ஓடுகிற அணிகளில் பல, இந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் அதைக் கழற்றி வைத்துவிடும். லட்சக்கணக்கில் விலை உள்ள கார்பன் ஃபிரேமில் சாதாரண உலோகக் கம்பி கேஜ் வந்து உட்காரும். மெக்கானிக்குகள் அதைக் கையால் அமுக்கி இன்னும் கொஞ்சம் இறுக்குவார்கள். ஸ்கேட்போர்டின் மேல் ஒட்டுகிற உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான டேப்பை வெட்டிக் கேஜின் உள்பக்கம் ஒட்டுகிறவர்களும் உண்டு. எடை குறைப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள், ரோடு மோசமானால் முதலில் விட்டுக்கொடுப்பது எடையைத்தான். அப்புறம் நாம் யாருக்காகத் தராசைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்?

பாட்டில் விழுந்தால் என்ன, நின்று எடுத்துக்கொண்டால் போயிற்று என்று தோன்றலாம். தனியாக ஓட்டுகிறவருக்கு அதிகபட்ச நஷ்டம் தண்ணிதான். (மே மாத வெயிலில் அதுவும் சின்ன நஷ்டம் இல்லை.) கூட்டமாக ஓட்டும்போது கதை வேறு. 2018-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தவர் ஜெரைன்ட் தாமஸ். 2020 ஜீரோ டி இத்தாலியாவில் ஜெயிக்கக்கூடியவர்கள் பட்டியலில் முன்னால் இருந்தார். மூன்றாவது நாள், சிசிலியில் என்னா ஊரிலிருந்து எட்னா எரிமலைக்கு. பந்தயம் இன்னும் முறைப்படி தொடங்கவே இல்லை, எல்லோரும் சேர்ந்து மெதுவாக உருட்டிக்கொண்டு போகிற பகுதி. ரோட்டில் உருண்டு வந்த ஒரு பாட்டில் அவர் முன்சக்கரத்துக்கு அடியில் போனது. விழுந்தார். எழுந்து அன்றைய பந்தயத்தை முடித்தும்விட்டார், 12 நிமிடத்துக்கு மேல் பின்தங்கி. மறுநாள் பார்த்தால் இடுப்பெலும்பில் விரிசல். ஜீரோ அதோடு முடிந்தது.

அந்தப் பாட்டில் கேஜிலிருந்து நழுவியதா, யாராவது கை தவறி விட்டதா என்பது பின்னால் வருகிறவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் ஒருவர் பின்சக்கரத்தை ஒருவர் ஒட்டிக்கொண்டு போகும்போது, முன்னால் போகிறவரின் கேஜ் சரியில்லை என்றால் விழப்போவது அவர் இல்லை. மூணாவதாகவோ நாலாவதாகவோ வருகிற, எந்தத் தப்பும் செய்யாத ஒருவர். பிரேக் சரியில்லாத வண்டியோடு வருகிறவரைக் குழுவில் சேர்க்க மாட்டார்கள். ஆடுகிற கேஜோடு வருகிறவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது ஏன்?

(டிரையத்லான்காரர்கள் சீட்டுக்குப் பின்னால் மாட்டுகிற கேஜ் தனி ரகம். காற்றுத் தடை குறையும் என்று மாட்டுகிறார்கள். முதல் மேட்டிலேயே அதிலிருந்து பாட்டில் ராக்கெட் மாதிரி கிளம்புவதற்கு அந்தக் கேஜ்கள் பெயர் வாங்கியவை. குழுவோடு ஓட்டுகிறவர் அதை மாட்டாமல் இருப்பது மற்றவர்களுக்குச் செய்கிற உபகாரம்.)

சரி, எதைத்தான் வாங்குவது? அலுமினியக் கம்பி கேஜில் ஒரு பெரிய வசதி, வளைக்கலாம். பிடி தளர்ந்தால் பாட்டிலை எடுத்துவிட்டு ரெண்டு கையையும் உள்பக்கமாக ஒரு அமுக்கு, மறுபடி இறுகிவிடும். இதை மாதம் ஒருமுறை செய்துகொண்டே இருந்தால் ஒருநாள் வெல்டிங் இடத்தில் உடையும், அலுமினியத்தின் குணம் அது. பெயின்ட் பூசாத அலுமினியம் பாட்டிலின் மேல் கறுப்புக் கோடு போடும். வெள்ளைப் பாட்டில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது பிரச்சினை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேஜ் இன்னும் உறுதி, துருவும் அவ்வளவாகப் பிடிக்காது, கடற்கரை ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. விலை கொஞ்சம் கூட. கார்பனை வளைக்க முடியாது. வாங்கும்போது என்ன பிடியோ கடைசி வரை அதுதான், விரிசல் விட்டால் குப்பைக்கூடை. நன்றாகப் பிடிக்கிற கார்பன் கேஜ்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கார்பன் மாதிரி டிசைன் மட்டும் அச்சடித்த பிளாஸ்டிக்கும் அதே அலமாரியில்தான் தொங்குகிறது. நல்ல ஃபைபர்-பிளாஸ்டிக் கேஜ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

உயரம் குறைந்தவர்களின் கஷ்டம் தனி. சின்ன ஃபிரேமில் சீட் டியூப் கேஜிலிருந்து பாட்டிலை நேராக மேலே உருவினால் மேல் குழாயில் போய் இடிக்கும். இதற்காகவே பக்கவாட்டில் உருவுகிற கேஜ்கள் இருக்கின்றன. எந்தக் கையால் எடுத்துக் குடிக்கிற பழக்கமோ அந்தப் பக்கம் திறக்கிற கேஜாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆன்லைனில் இடது வலது கவனிக்காமல் ஆர்டர் போட்டுவிட்டுப் பிறகு தலையில் கை வைப்பவர்கள் நிறைய.

நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். 200 கிலோமீட்டர் பிரெவேயை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், கன்ட்ரோல் பாயின்ட் தவிர வேறு எங்கேயும் கூட வந்து உதவ வண்டி கிடையாது. தண்ணி தீர்ந்தால் வழியில் பெட்டிக்கடையில் வாங்குகிற மினரல் வாட்டர் பாட்டில்தான் கதி. பலர் அதை அப்படியே கேஜில் செருகிவிடுகிறார்கள். கேஜ் செய்யப்படுவது சுமார் 74 மில்லிமீட்டர் விட்டமுள்ள சைக்கிள் பாட்டிலுக்கு. கடைப் பாட்டில் ஒன்று லொடலொடவென்று ஆடும், இல்லை உள்ளேயே போகாது. கொக்கி உட்காரச் சரியான இடமும் அதில் இருக்காது. அகலத்தைக் கூட்டிக் குறைக்கிற கேஜ்கள் கிடைக்கின்றன, வேண்டுமானால் ரெண்டில் ஒன்றை அப்படி மாட்டலாம். அதைவிட எளிய வழி, அந்தத் தண்ணியைத் தன் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போவது. ஒரு நிமிட வேலை.

கடைக்குப் போகும்போது தினமும் ஓட்டுகிற பாட்டிலையே நிறையத் தண்ணியோடு கொண்டுபோவது நல்லது. கேஜில் செருகி, தலைகீழாகப் பிடித்து நாலு குலுக்கு. விழுந்தால் வேண்டாம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் எடுத்துத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

மாட்டுவதில் பெரிய வித்தை இல்லை. ரெண்டு துளைக்கும் இடைவெளி 64 மில்லிமீட்டர், உலகம் முழுக்க ஏறக்குறைய எல்லா வண்டிக்கும் அதேதான். எம்5 போல்ட். மாட்டும் முன் மரையில் துளி கிரீஸ் தடவ வேண்டும், இல்லாவிட்டால் வியர்வை வழிந்து வழிந்து போல்ட் உள்ளேயே பிடித்துக்கொள்ளும். ஆலன் கீயால் பலம் காட்டக் கூடாது. 2-லிருந்து 3 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் ஃபிரேமுக்குள் இருக்கும் நட்டு தனியாகச் சுழல ஆரம்பித்துவிடும், பிறகு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். முதல் ரெண்டு மூணு முறை ஓட்டிவிட்டு வந்ததும் கேஜை ஆட்டிப் பார்த்து, போல்ட்டை மறுபடி ஒரு கால் திருப்பு.