அவரவர் பாயை அவரவர் சுருட்டினால்…

மகிழ்ச்சி எங்கே இருக்கிறது?

பணத்தில் இருக்கிறது என்பார் சிலர். பதவியில் இருக்கிறது என்பார் வேறு சிலர். அது படுக்கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

ஆனால், அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. படுத்துத் தூங்குவதில் அல்ல. தூங்கி எழுந்தவர் தமது படுக்கையை என்ன செய்கிறார் என்பதில்!

சிலர் எழுந்ததும் பாயைச் சுருட்டுகிறார்கள். போர்வையை உதறி மடிக்கிறார்கள். தலையணையை மேலே வைக்கிறார்கள். பிறகுதான் பல் துலக்கப் போகிறார்கள்.

சிலர் போர்வையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்து போகிறார்கள். பாய் அப்படியே கிடக்கும். வேறு யாராவது வந்து எடுத்தால் உண்டு.

இரண்டு நிமிட வேலை. அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். நிறைய வருகிறது!

வீடு பெரிதாகும் விந்தை

ஓர் அறை வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த ஓர் அறைதான் இரவில் படுக்கை அறை. காலையில் அதுவே சாப்பாட்டு அறை. மாலையில் பிள்ளைகள் படிக்கும் அறை. விருந்தாளி வந்தால் அதுவே கூடம்.

பாய் விரித்தபடி கிடந்தால், அங்கே வேறு எதுவும் நடக்க முடியாது. கூட்ட முடியாது. இலை போட முடியாது. நடக்கிறவர் கால் தலையணையில் படும். உடனே ஒரு சத்தம் கிளம்பும். காலை நேரத்துச் சண்டைகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன.

அந்தப் பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தி வையுங்கள். அதே வீடு பெரிதாகிவிடும்! வாடகை ஒரு காசு கூடவில்லை. இடம் மட்டும் கூடிவிட்டது.

கட்டிலும் மெத்தையும் உள்ள வீட்டிலும் இதுதான் கதை. விரிப்பு கசங்கிக் கிடந்தால் அறை முழுவதும் அலங்கோலமாகத் தெரியும். விரிப்பை இழுத்துச் செருகினால் பாதி அறை சுத்தமானது போல் இருக்கும்.

தளபதி சொன்ன பாடம்

இந்தச் சின்ன வேலையைப் பெரிய சபையில் பேசியவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் வில்லியம் மெக்ரேவன். அமெரிக்கக் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். 2011-ல் ஒசாமா பின்லேடனைத் தேடிச் சென்று சுட்ட படை நடவடிக்கைக்குப் பொறுப்பேற்றிருந்தவர் அவர்தான்.

2014 மே மாதம், ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் பட்டமளிப்பு விழா நடந்தது. மெக்ரேவன் அங்கே படித்தவர். விழாவில் பேச அவரை அழைத்திருந்தார்கள்.

போர்க்களத்தின் வீரக் கதைகளை மாணவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவரோ பத்துப் பாடங்களைச் சொன்னார். முதல் பாடம் என்ன தெரியுமா? காலையில் எழுந்ததும் படுக்கையைச் சரி செய்யுங்கள் என்பதுதான்!

கடற்படைச் சிறப்புப் படைக்கு ஆறு மாதம் கடும் பயிற்சி உண்டு. பயிற்சியாளர்கள் காலையில் முதலில் பார்ப்பது படுக்கையைத்தான். விரிப்பின் மூலைகள் மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும். தலையணை நடுவில் இருக்க வேண்டும். போர்வை கால்மாட்டில் மடிந்திருக்க வேண்டும்.

இது எதற்கு? மெக்ரேவன் சொன்ன காரணம் எளியது. நாளின் முதல் வேலையை ஒழுங்காக முடித்தவருக்குச் சின்னப் பெருமை பிறக்கும். அந்தப் பெருமை அடுத்த வேலைக்குத் துணிவு தரும். ஒருவேளை அன்றைய நாள் மோசமாகப் போனாலும், இரவில் வீடு திரும்புகிறவரை அவரே சரி செய்த படுக்கை வரவேற்கும்.

இந்தப் பேச்சை உலகம் முழுவதும் ஏராளமானோர் கேட்டார்கள். 2017-ல் அது புத்தகமாகவும் வந்தது.

பத்தாயிரம் ஆண்டுப் படுக்கை

அமெரிக்காவில் கட்டில். தமிழ்நாட்டைப் போலவே தரையில் படுக்கும் வழக்கம் உள்ள நாடு ஜப்பான். அங்கே 'தத்தாமி' என்ற பாய் பதித்த தரையில், 'ஃபுட்டான்' என்ற மெத்தையை விரித்துப் படுப்பார்கள். காலையில் அதை மடித்துச் சுவர் அலமாரியில் வைத்துவிடுவார்கள். வெயில் நாட்களில் வெளியே காயப் போடுவார்கள்.

மடிக்காமல் நாள்கணக்கில் கிடக்கும் படுக்கைக்கு ஜப்பானிய மொழியில் தனிப் பெயரே இருக்கிறது. 'பத்தாயிரம் ஆண்டுப் படுக்கை' என்பது அதன் பொருள். சோம்பேறியைக் கேலி செய்யும் சொல் அது. கேலியோடு போவதில்லை. எடுக்காத மெத்தையின் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சின்ன வெற்றி

படுக்கையை மடித்தால் கடன் தீருமா? தீராது. மகனுக்கு வேலை கிடைக்குமா? கிடைக்காது. இது மந்திரம் அல்ல.

பிறகு மகிழ்ச்சி எப்படி வருகிறது?

வாழ்க்கையில் பெரும்பாலான வேலைகள் முடிவதே இல்லை. முடிந்தாலும் பலன் உடனே தெரிவதில்லை. விதைத்தவர் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டும். பரீட்சை எழுதியவர் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும்.

பாய் சுருட்டும் வேலை அப்படி அல்ல. தொடங்கிய இரண்டாவது நிமிடம் முடிந்துவிடும். முடிந்தது கண்ணுக்குத் தெரியும். யாருடைய தயவும் வேண்டாம். "இன்று ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன்" என்ற எண்ணம் மனத்தில் விழும். அதுதான் அந்த மகிழ்ச்சி. சிறியது. ஆனால் சொந்தச் சம்பாத்தியம்!

யார் சுருட்டுவது?

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது.

ஐந்து பேர் உள்ள வீடு. ஐந்து பாய்கள். அவற்றை யார் சுருட்டுகிறார்கள்? பல வீடுகளில் பதில் ஒன்றுதான்: அம்மா!

அவள்தான் முதலில் எழுகிறாள். தன் பாயைச் சுருட்டுகிறாள். அடுப்பைப் பற்ற வைக்கிறாள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து போகப் போக, மற்ற நான்கு பாய்களையும் எடுக்கிறாள். இடையில் பால் பொங்குகிறது.

ஒரு படுக்கைக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். ஐந்து படுக்கைக்குப் பத்து நிமிடம். ஆண்டு முழுவதும் கணக்குப் போட்டால் 60 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது! அதாவது, இரவு பகல் சேர்த்து இரண்டரை நாள்.

இது ஒரு வேலைக்கு மட்டும் உள்ள கணக்கு. 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் துறை நாடு முழுவதும் ஒரு கணக்கு எடுத்தது. மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டது. சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் கை வைத்தவர்கள், பெண்களில் 100-க்கு 81 பேர். ஆண்களில் 100-க்கு 26 பேர்தான். அப்படி வேலை செய்த பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம்.

தன் படுக்கையைத் தானே மடிப்பவருக்கு அது சின்ன வெற்றி. அடுத்தவர் படுக்கையையும் சேர்த்து மடிப்பவருக்கு அது இன்னொரு சுமை. ஒரே வேலைதான். ஆனால், ஒருவர் மகிழ்ச்சியை இழக்கிறார். இன்னொருவர் ஓய்வை இழக்கிறார்.

"ஆண் பிள்ளை பாய் எடுக்கலாமா?" என்று கேட்கும் பாட்டிமார்கள் இன்றும் இருக்கிறார்கள். பட்டாளத்தில் படுக்கை மடிப்பவர்கள் யார்? ஆண் பிள்ளைகள்தாமே! துப்பாக்கி பிடிக்கும் கைக்குப் போர்வை மடிப்பதில் கௌரவக் குறைவு இல்லை என்றால், பேனா பிடிக்கும் கைக்கு மட்டும் எப்படி வரும்?

காந்தியடிகளின் பண்ணை

அவரவர் வேலையை அவரவர் செய்வது என்ற விதியைக் காந்தியடிகள் ஒரு பண்ணையிலேயே நடத்திக் காட்டினார்.

1910-ல் தென் ஆப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தை அதற்குக் கொடுத்தார். சத்தியாக்கிரகப் போரில் ஈடுபட்டவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவர்களில் தமிழர்கள் பலர். பிள்ளைகளுக்குக் காந்தியடிகள் தமக்குத் தெரிந்த அளவு தமிழும் சொல்லிக் கொடுத்தார்.

பண்ணையில் வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் கழிவிடம் சுத்தம் செய்வது வரை எல்லாவற்றையும் அங்கே இருந்தவர்களே செய்தார்கள். விரிக்க ஒரு கம்பளி, போர்த்த ஒரு கம்பளி, மரத்தில் ஒரு தலையணை. ஒருவருக்கு உள்ள படுக்கை அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விதி இருந்தது. தாங்கள் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் செய்யச் சொல்லக் கூடாது!

வீட்டுக்கும் இதே விதி பொருந்தும். அப்பா தமது போர்வையை மடிக்காமல் போனால், மகன் மடிக்க மாட்டான். அப்பா மடித்தால், சொல்லாமலே மகனும் மடிப்பான்.

பழக்கம் எப்படி வரும்?

முதல் வாரம் எல்லோரும் செய்வார்கள். இரண்டாவது வாரம் மறப்பார்கள். அதற்காகத் திட்டக் கூடாது.

லண்டன் பல்கலைக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 96 பேரிடம் தினமும் ஒரு புதிய செயலைச் செய்யச் சொன்னார்கள். பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள். அது தானாக வரும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதும். சிலருக்கு 254 நாட்கள் கூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை என்றும் கண்டார்கள்.

ஆகவே பொறுமை வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தலையணையை எடுத்து வைக்கும் வேலை போதும். ஏழு வயதில் போர்வை மடிக்கலாம். பத்து வயதில் பாயைச் சுருட்டலாம். மடிப்பு கோணலாக இருந்தால் இருக்கட்டும். அதைப் பிரித்து மறுபடியும் மடிக்காதீர்கள். அது குழந்தையின் பெருமையைப் பிரித்துப் போடுவது போல!

உதறிவிட்டு மடியுங்கள்

மடிக்கும் முன் ஒரு வேலை உண்டு. உதற வேண்டும்.

படுக்கையில் மிகச் சிறிய தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களே அவற்றின் உணவு. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து உயிர் வாழ்கின்றன. சிலருக்குத் தும்மலும் ஆஸ்துமாவும் வர அவை காரணம் ஆகின்றன.

எனவே, வியர்வை ஈரத்தோடு உடனே மூடிவிட வேண்டாம். ஜன்னலைத் திறந்து சிறிது நேரம் காற்றாட விட்டு, வெளியே உதறி, பிறகு மடிப்பது நல்லது. அவ்வப்போது மெத்தையையும் தலையணையையும் வெயிலில் போட வேண்டும்.

இவர்களை விட்டுவிடுங்கள்

நோயாளிக்கு இந்த விதி இல்லை. இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் இல்லை. அவர்கள் படுக்கையை மற்றவர்கள் எடுப்பது சுமை அல்ல, அன்பு.

இன்னொன்றும் உண்டு. சுறுசுறுப்பாக இருந்த ஒருவர் திடீரென்று வாரக் கணக்கில் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் கிடந்தால், சோம்பேறி என்று ஏசக் கூடாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அவருக்கு வேண்டியது அறிவுரை அல்ல. டாக்டர்!

மற்றவர்கள் எல்லோருக்கும் நாளைக் காலையே நல்ல நேரம். எழுந்ததும் அவரவர் பாயை அவரவர் சுருட்டட்டும். அப்படிச் செய்தால் ஐந்து பேருக்கு ஐந்து சின்ன வெற்றிகள் கிடைக்கும். அம்மாவுக்கோ எட்டு நிமிடம் மிச்சமாகும்.

அந்த எட்டு நிமிடத்தில் அவள் உட்கார்ந்து, ஆறுவதற்கு முன் ஒரு காபி குடிக்கட்டும்!