வாசிக்காத எழுத்து

கிராஃபிக் டிசைன் வகுப்பில் மாணவன் பழகிக்கொள்ளும் முதல் காரியம், எழுத்தை வாசிக்காமலிருப்பது. மாதிரிப் பக்கங்களை நிரப்ப அவன் கொட்டும் 'லோரம் இப்ஸம்' கி.மு. 45இல் சிசரோ எழுதிய தத்துவ நூலின் சிதைந்த துண்டு. 1960களில் லெட்ராசெட் தாள்களில் ஏறி, பிறகு கணிப்பொறிக்குள் புகுந்தது. அர்த்தம் கவனத்தைக் கலைக்குமாம். உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்ற பழைய பொய்தான். கவிதையில் நாம் புதைத்ததை இவர்கள் பாடமாக்கியிருக்கிறார்கள்.

லத்தீனுக்கு அளந்த பத்தியில் தமிழை இட்டுப் பார்க்கட்டும். எங்கள் வங்கி அறிவிப்பிலுள்ள 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' ஒன்றே போதும், பத்தி உடைந்துவிடும். (அந்தச் சொல்லே ஒரு குற்றம் என்பது வேறு விஷயம்.) மேல் வரியில் 'பு'வின் இறங்குகீற்றும், கீழ் வரியில் 'தி'யின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும். தலைப்பைத் தூக்கிக் காட்டப் பெரிய எழுத்தும் நம்மிடம் கிடையாது. இவையெல்லாம் வடிவப் பிரச்னைகள் இல்லையா? சென்னை மாணவனின் போர்ட்ஃபோலியோவில் இவற்றின் சுவடே இராது.

ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கு எழுதிய தலைப்பெழுத்துகளில் ஒரு வாசகரின் கை தெரியும். வேலை கொடுப்பவர்கள் அதைக் கேட்பதில்லை என்பார்கள். கேட்டதை மட்டும் கொடுக்க நான்கு வருஷக் கல்லூரி எதற்கு? ஏதாவதொரு அச்சகத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தால் போதும்.